காலுக்கா, கண்ணுக்கா?
திருகோணமலை வீடுகளின் தரை பற்றிய ஒரு விவாதம்

தரை கண்ணுக்கு உரியதன்று, காலுக்கு உரியது. இவ்வெளிய உண்மை திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வீடு திருத்துவோர் பலரால் மறக்கப்பட்டுவிட்டது. உவர்மலையிலும் உட்துறைமுக வீதியை அண்டிய ஒழுங்கைகளிலும் பழைய வீடொன்று திருத்தப்படும்போது முதலிற் பலியாவது அதன் சிவப்புச் சீமெந்துத் தரையே. ஒழுகும் கூரை காத்திருக்கலாம்; விறாந்தைக்கு மட்டும் கண்ணாடிபோல் மின்னும் ‘மாபிள்’ உடனே வேண்டும். மாபிள் என வழங்கப்படும் அப்பொருள் பெரும்பாலும் சலவைக்கல்லன்று; சுட்டு மெருகிட்ட ஓடே. போலிமை பெயரிலேயே தொடங்கிவிடுகின்றது.

ஓட்டுக்குச் சார்பாக மூன்று நியாயங்கள் கூறப்படுகின்றன: துடைப்பது எளிது, வேலை விரைவில் முடியும், வெடிப்பு விழாது. முதலாவதை மறுப்பதற்கில்லை. ஏனைய இரண்டும் அரை உண்மைகள். சீமெந்து இறுகிக் காயும்போது சுருங்கும். இதனை அறிந்த மேசன்மார் தரையைக் கட்டங்களாகப் பிரித்தே இட்டனர்; அடித்தளம் ஈரமாயிருக்கையிலேயே காவி கலந்த மேற்பூச்சைத் தேய்த்தனர்; ஒரு வாரமேனும் ஈரம் உலராது காத்தனர். அவ்வொரு வாரத்தைத் தர மறுப்போர் பின்னர் சீமெந்தைப் பழிப்பது முறையாகாது. ஓடு மட்டும் அவசரத்தை மன்னிக்கின்றதா? வழுவழுப்பான பழைய தரையைக் கொத்தாது அதன்மேற் பதித்த ஓடுகள் நாளடைவிற் பிடிப்பிழந்து, தட்டினால் வெற்றோசை எழுப்பி, ஈற்றில் மேலெழுகின்றன. தரைமட்டம் உயர்வதால் கதவுகளின் அடியை அறுக்கவும் நேரிடுகின்றது.

ஆயினும் முதன்மையான பிரச்சினை வேறு. ஐப்பசி முதல் தை வரை இப்பகுதியில் மழைக்காலம். நனைந்த வெறுங்காலுடன் வீட்டினுள் நுழைவது மக்களின் வழக்கம். மெருகிட்ட ஓட்டில் விழும் நீர் மேலேயே படலமாய் நிற்கும். அதிற் சறுக்குவோர், வெளிநாட்டிலிருந்து அத்தரைக்குப் பணம் அனுப்பிய பிள்ளைகள் அல்லர், வீட்டிலிருக்கும் பெற்றோரே. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தோரிற் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. ஊரார் மெச்சுவதற்காகக் கொடுக்கப்படும் விலை இது.

இழைத்த சிவப்புத் தரையும் நனைந்தால் வழுக்குமே என வினவலாம். உண்மையே. ஆனால் சீமெந்தின் வழுவழுப்பு மேசனின் கையில் உள்ளது. கூடத்தை இழைக்கலாம், விறாந்தையையும் குசினி வாயிலையும் சொரசொரப்பாக விடலாம். ஓட்டின் முகமோ ஆலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. குளியலறைக்குச் சொரசொரப்பான சிறிய ஓடு தக்கதே. எதிர்ப்பு ஓட்டுக்கு அன்று, பளபளப்புக்கே.

இதற்குப் பொருளியற் பக்கமும் ஒன்றுண்டு. 2020 இல் அந்நியச் செலாவணியைக் காக்க இலங்கை அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தரையோடும் அதில் அகப்பட்டது. உள்நாட்டில் ஓடு செய்யும் ஆலைகள் உளவெனினும், பிறநாட்டுப் பளபளப்பை எதிர்பார்த்திருந்தோர் இடைவழியில் நின்றனர். சீமெந்தோ துறைமுகத்தின் கரையிலேயே, சீனன்குடாப் பகுதி ஆலையில் அரைக்கப்படுகின்றது. அதன் மூலப்பொருளான கிளிங்கரும் கப்பலில் வருவதே. ஆகையாற் சுதேசியம் பேசி ஏமாறத் தேவையில்லை. ஆனால் சிவப்புத் தரைக்கு உயிர் கொடுப்பது உள்ளூர் மேசனின் கைத்திறன். வேண்டுவோரின்றி அக்கைத்திறன் அழிந்தால் அதனை எக்கப்பலும் கொண்டுவந்து இறக்காது.

ஆகவே வீடு திருத்துவோர் பழைய தரையை உடைக்குமுன் அதன் வெடிப்புகளைச் சீர்செய்ய முடியுமா என்று மேசனிடம் கேட்கட்டும். முடியாதெனின் புதிய சீமெந்துத் தரைக்கு ஒரு வாரம் ஒதுக்கட்டும். ஓடே வேண்டுமென்போர், கடையில் அதன்மேல் ஒரு செம்பு நீர் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பார்க்கட்டும். வீட்டின் மூத்தவர் அதில் நடக்க அஞ்சுவாராயின், அது எத்துணை அழகியதாயினும் அவ்வீட்டுக்கு ஆகாது.