மிளகுக் கொடி கற்றுக்கொண்ட ஜப்பானியர்கள்

மிளகு விலை திடீரென்று சரியும் நாட்களில் நம் மண்டிகளில் இரண்டு பேரைத் திட்டுவது வழக்கம். ஒருவர் வியட்நாம்காரர், மற்றவர் பிரேசில்காரர். 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தபோதும் வியட்நாமின் பெயர் அதிகம் அடிபட்டது. வியட்நாமாவது நம் ஆசியாவில் இருக்கிறது. பிரேசிலுக்கு மிளகு எப்படிப் போயிற்று என்று நம் சங்க உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் ஜப்பானில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1908-ல் கசாட்டோ மாரு என்ற கப்பலில் முதல் தொகுதி ஜப்பானியர்கள் பிரேசிலுக்குப் போய் இறங்கினார்கள். காப்பித் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். நாம் சொல்ல வருவது அவர்களுக்குப் பின்னால், 1929-ல், அமேசான் காட்டுப் பக்கம் போனவர்களைப் பற்றி. பாரா மாநிலத்தில் தோமே-அசு என்ற இடம். பெலெம் துறைமுகத்திலிருந்து ஆற்றில் படகேறிப் போக வேண்டும். ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே காட்டு நிலத்தைப் பெற்று, கோகோ பயிரிடலாம், பணம் கொட்டும் என்று சொல்லி ஆட்களைக் கூட்டிப் போயிற்று. முதல் கப்பலில் போனவர்கள் 43 குடும்பத்தார். நெல்லும் பட்டுப்புழுவும் தெரிந்த கிராமத்து மக்கள். கோகோ மரத்தை அவர்களில் யாரும் பார்த்தவர்கள் அல்லர்.

கோகோ பிடிக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு சாவு. கம்பெனி கைவிட்டது. பிழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டனர். மீதி நின்றவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக நெல்லும் முள்ளங்கி, தக்காளி போன்ற காய்கறிகளும் போட்டுப் பெலெம் சந்தைக்கு அனுப்பினார்கள். அந்த ஊரிலோ அப்போது காய்கறி சாப்பிடும் பழக்கமே குறைவு. மொழி தெரியாது, எடை தெரியாது, விலை தெரியாது. தனித்தனியாகக் கூடையோடு போய் நிற்பவனுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1931-ல் அவர்கள் காய்கறிக் கூட்டுறவு ஒன்றை ஏற்படுத்திச் சரக்கை ஒரே கையாக விற்கத் தொடங்கினார்கள். பயிர் பிடிபடுவதற்கு முன்பே விற்கத் தெரிந்துகொண்டார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய இடம்.

மிளகு வந்தது 1933-ல். குடியேறிகளைக் கூட்டிக்கொண்டு போன ஊசுயி என்பவர் வழியில் சிங்கப்பூரில் 20 மிளகு நாற்றுகள் வாங்கிக் கொண்டுபோனார். அவற்றில் தழைத்தவை இரண்டோ மூன்றோதான். போர்த்துக்கீசியர் காலத்திலேயே பிரேசிலுக்கு மிளகுக் கொடி போயிருந்தாலும், வியாபாரம் என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்ததில்லை. அந்த நாட்டுக்கு வேண்டிய மிளகு வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மூன்று கொடிகளைக் கிள்ளிக் கிள்ளி நட்டுப் பெருக்கினார்கள். கம்பெனி சொல்லிக்கொடுத்த பயிர் தோற்றது. தாமே தட்டுத் தடுமாறிக் கற்ற பயிர் நின்றது.

இதற்கிடையே போர். 1942-ல் பிரேசில் ஜப்பானோடு உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பகுதியில் இருந்த ஜப்பானியர்களை எல்லாம் தோமே-அசுவிலேயே அடைத்து வைத்தார்கள். ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. அதே காலத்தில்தான் ஜப்பான் படை பிடித்திருந்த சரவாக், சுமத்ரா பக்கத்து மிளகுத் தோட்டங்கள் பாழாயின. போர் முடிந்ததும் உலகச் சந்தையில் மிளகுக்குப் பஞ்சம். விலை வானத்துக்கு ஏறிற்று. ஜப்பானியப் படை கெடுத்த தோட்டங்களால் வந்த விலை, பிரேசிலில் கைதிகள்போல் இருந்த ஜப்பானியக் குடியானவர்களுக்குக் கிடைத்தது! வியாபாரத்தில் இப்படியும் நடக்கும். 1949-ல் கூட்டுறவுச் சங்கத்தைப் புதுப்பித்தார்கள். 1950-களில் மிளகைக் கறுப்பு வைரம் என்றே அங்கே சொன்னார்கள். காட்டுக் குடிசையில் இருந்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள். வெளியிலிருந்து மிளகு வாங்கிய நாடு, மிளகை வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடாயிற்று.

இத்தோடு கதையை முடித்தால் நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

விலை ஏறியதும் அவர்கள் நாம் செய்வதையே செய்தார்கள். ஒரே சரக்கில் முழு முதலையும் போட்டார்கள். காட்டை அழித்து, வெட்டவெளியில் வரிசை வரிசையாக மரக் கம்பம் நட்டு, மிளகைத் தவிர வேறொன்றும் வைக்காமல் பயிரிட்டார்கள். கொல்லிமலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் மிளகு சில்வர் ஓக் மரத்திலும் பலா மரத்திலும் ஏறும், கீழே காப்பி இருக்கும். காய்ப்பு சற்றுக் குறைவுதான். வெட்டவெளிக் கொடி அள்ளிக் கொடுக்கும். அள்ளிக் கொடுத்தது. 1950-களின் கடைசியில் ஃபுசேரியம் என்ற பூஞ்சை வேரில் இறங்கிற்று. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் காய்ந்தன. 1974-ல் பெருமழை வெள்ளம் மிச்சத்தையும் கெடுத்தது. விலை ஏறும் என்று கிட்டங்கி முழுவதும் ஒரே சரக்கை அடுக்கி, அது இறங்கியபோது இரண்டு வருடம் தலை நிமிராமல் கிடந்த அனுபவம் எங்கள் கடைக்கும் உண்டு. அதனால்தான் இந்த இடத்தைப் படித்தபோது நமக்கு நெஞ்சு அடைத்தது.

அப்போது அவர்கள் யாரிடம் பாடம் படித்தார்கள் என்பதே நாம் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவரான சகாகுச்சி, ஆற்றங்கரையில் வாழும் ஏழை உள்ளூர் மக்களின் கொல்லைகளைக் கவனித்தார். மாடி வீடும் மிளகுத் தோட்டமும் வைத்திருந்தவர்கள் அந்தக் கொல்லைகளை அதுவரை பொருட்டாக நினைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. அங்கே பத்து வகை மரம் ஒன்றாக நின்றது. ஒன்று காய்க்காவிட்டால் மற்றொன்று காய்த்தது. அதைப் பார்த்து மிளகோடு பாஷன் பழக் கொடி, அதன் பிறகு கோகோ, குப்புவாசு, அசாயி என்று அடுக்கடுக்காக வைக்கக் கற்றார்கள். 1987-ல் சங்கத்தின் பழச்சாறு ஆலை ஓடத் தொடங்கிற்று. முதலில் தோற்றுப்போன அந்தக் கோகோவே நிழலில் நன்றாக வந்தது. இன்று அது ஜப்பானின் சாக்லேட் கம்பெனிக்கே போகிறது. 2019-ல் தோமே-அசு கோகோவுக்குப் பிரேசில் அரசு புவிசார் குறியீடும் கொடுத்தது.

வளர்ந்த மனிதர்கள், குடும்பத் தலைவர்கள், மூன்று தடவை பள்ளிப் பிள்ளைகள் ஆனார்கள். மூன்றாவது தடவை வாத்தியார் அவர்களைவிட வசதி குறைந்தவர்.

நம்மில் எத்தனை பேருக்கு இது முடிகிறது? ஜி.எஸ்.டி. வந்த 2017-லிருந்து கம்ப்யூட்டர் பில் போடப் பையனையோ கடைச் சிப்பந்தியையோ நம்பி இருக்கிறோமே தவிர, அவனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். "முதலாளி, இப்படி அழுத்துங்க" என்று இருபது வயதுப் பையன் சொன்னால் நமக்குக் கௌரவக் குறைவாக இருக்கிறது. எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது. போன வருடம்தான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டோம். ஒரு வாரத்தில் முடிந்துபோன விஷயம், ஏழு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறோம். போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகளைத் திட்டி இதே இதழில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அந்த வேலையை நம் தெருவில் ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் தம் செல்போனிலேயே செய்துகொண்டிருக்கிறார். நம்மிடம் சரக்கு எடுப்பவர்தான். அவரிடம் போய்க் கேட்ட மொத்த வியாபாரி யார்?

கூட்டுக் கொள்முதல் விஷயமும் இதைப் போன்றதே. நம் சங்கத்தில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யார் தலைவர், யார் பெயர் முதலில் என்பதில் நின்றுபோகிறது. பருப்பும் மிளகும் மல்லியும் ஒரே லாரியில் வந்தால் வாடகையில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட ஒரு மாலை நேரம் போதும். மொழி தெரியாத ஊரில், வீட்டில் காய்ச்சலோடு பிள்ளைகளைப் போட்டுவிட்டு, முள்ளங்கிக் கூடைக்காரர்கள் இரண்டே ஆண்டில் செய்த காரியம் இது.

அடுத்த செயற்குழுவில் இந்தப் பொருள் மீண்டும் வருகிறது. தலைவர் யார் என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, எந்தச் சரக்கு, எத்தனை மூட்டை, வரவு செலவை எந்தப் பையன் எழுதுவான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். மிளகுக்கு எங்கள் கடையிலிருந்து பத்து மூட்டை எழுதிக்கொள்ளலாம்.