பதினேழு மணி தூரம்

சென்னிமலையில் எங்கள் தெருவில் ஒரு சாவு. தறி நெய்தே மகனைப் படிக்க வைத்த தாய். மகன் சான்பிரான்சிஸ்கோவில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "ஏனுங்க, பதினேழு மணி நேரத்துல வந்துடலாமுன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்களே! மனசிருந்தா வந்திருக்க மாட்டானுங்களா?" கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் சொன்ன கணக்கு பொய்யல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று, பெண் விமானிகளே ஓட்ட, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவ வழியாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது. ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். சுமார் 17 மணி நேரம். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். ஆகவே எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எங்கும் இறங்காமல் கடந்தார்கள். உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்கு வழி. மகத்தான சாதனை, மறுப்பாரில்லை.

ஆனால், அது விமானத்தின் கணக்கு. மனிதனுக்கு வேறு கணக்கு உண்டு. விமானம் அவன் வாசலில் வந்து நிற்பதில்லை. தொடங்கியபோது அது அன்றாடம் ஓடிய விமானமும் அல்ல. டிக்கெட் கிடைக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். நேர் விமானம் இல்லையென்றால் நடுவழியில் ஏதோ ஓர் ஊரில் அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பெங்களூரில் இறங்கிய பிறகும் சென்னிமலைக்குச் சுமார் 300 கிலோமீட்டர் சாலை பாக்கி. போதாததற்குக் கடிகாரமும் சதி செய்கிறது. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. அந்த 2021 விமானம் சனிக்கிழமை இரவு புறப்பட்டு, திங்கட்கிழமை அதிகாலையில் இறங்கியது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஆகாயம் விழுங்கிவிட்டது!

சென்னிமலையின் உயரத்தைக் காக்கையிடம் கேட்கலாமா? 1,320 படிகளும் ஏறி முருகனைக் கும்பிட்டு வந்த கிழவியிடம் அல்லவா கேட்க வேண்டும்?

விளம்பரம் எழுதுகிறவர்கள் ஆகாயத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் சொல்லட்டும். அது அவர்கள் வியாபாரம். அதை எடுத்து ஒருவனுடைய பாசத்தை முழம் போட நமக்கு என்ன உரிமை?

பிறரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மகனை அனுப்ப அந்தத் தாய் தயங்கியபோது, "ஏனுங்கக்கா, ஒரு நாள் பயணந்தானுங்களே! நெனச்சா வந்துடுவானுங்க" என்று தைரியம் சொன்னவன் நான். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் ஒரு நாளும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் நாம். இனிமேலாவது, பிள்ளையை அனுப்பும் தாயிடம் வாசற்படியிலிருந்து வாசற்படிவரை உள்ள தூரத்தைச் சொல்லுவோம். அதைக் கேட்ட பிறகும் அவள் அனுப்பட்டும், தெரிந்து அனுப்பட்டும்.