பசியா, மூச்சுத் திணறலா?



அக்கினி நட்சத்திர நாட்களில் நம் கண்டமங்கலத்திலும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலும் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதன்று. நமக்கு மரநிழல் உண்டு, மோர் உண்டு, மாலையில் திண்ணைக் காற்றும் உண்டு. ஏரி மீனுக்கு ஒதுங்க ஆழமான நீர் உண்டு. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அடைபட்டிருக்கும் மீனுக்கோ ஒதுங்குவதற்கு இடமே இல்லை. அதன் சீதோஷ்ணம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

மே மாதத்து மதியத்தில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பல வீடுகளில் காணலாம். "பாவம், பசிக்கிறது" என்று பிள்ளைகள் இரக்கப்பட்டு இன்னொரு பிடி தீனியைத் தூவுகிறார்கள். மறுநாள் காலையில் மீன் செத்து மிதக்கிறது. உண்மையில் அது பசியன்று, மூச்சுத் திணறல்.

காரணம் எளியது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 35 டிகிரியில் ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான். மீனோ குளிர் இரத்தப் பிராணி. நீரின் உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இருமடங்காகிறது. வரவு குறையும்போதே செலவு பெருகுகிறது. இந்நிலையில் தின்னப்படாத தீனி அழுகினால், எஞ்சிய பிராணவாயுவையும் அது குடித்துவிடும்; அதிலிருந்து பிறக்கும் அம்மோனியாவின் நச்சும் உஷ்ணத்தில் மிகுதியாகும்.

செய்ய வேண்டியது என்ன? முதலாவது, தொட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் சன்னல் வெயிலிலிருந்தும் அகற்றி வையுங்கள்; அதன் விளக்கைப் பகலில் அணைத்துவிடுங்கள். இரண்டாவது, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியைக் கட்டி, மேசை விசிறியின் காற்று நீர்மட்டத்தில் படுமாறு வையுங்கள். மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறுதான். 100 லிட்டர் தொட்டியிலிருந்து அரை லிட்டர் நீர் ஆவியானால், அத்தொட்டியை ஏறக்குறைய 3 டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பத்தை அது கொண்டுபோகிறது. அறையின் சூடு மீண்டும் உட்புகுவதால் பயன் சற்றுக் குறையும். காற்றில் ஈரம் மிகுந்த புழுக்க நாளில் இன்னும் குறையும். ஆயினும் மீனுக்கு அந்த இரண்டொரு டிகிரியே பெரிது. விசிறியும் அதன் வயரும் தண்ணீரில் விழாதபடி எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது, பனிக்கட்டியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி, சூட்டைப் போலவே மீனைத் தாக்கும். இரவெல்லாம் மண்பானையில் இருந்த நீரைக் குவளை குவளையாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாதலால் அதையும் பிடித்து வைத்தே பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரையும் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே ஊற்றுங்கள்.

நான்காவது, கோடையில் தீனியைப் பாதியாக்கிக் காலைக் குளிர்ச்சியில் மட்டும் இடுங்கள். மின்சாரம் நின்று ஏர் பம்பு ஓயும்போது, தொட்டி நீரையே குவளையில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். காற்று நீரில் கலக்கும். பிள்ளைகளுக்கு இது நல்ல வேலையுமாகும்.

இனி மீன் வாங்குவோருக்கு ஒரு சொல். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் தங்கமீனின் அழகு யாரையும் மயக்கும். ஆனால் சீனத்தில் வளர்க்கப்பட்டு உலகெங்கும் பரவிய அந்தக் கெண்டை இனத்திற்கு 18 முதல் 23 டிகிரி வரையே இதம். ஃபைட்டர், கௌராமி போன்றவையோ நம் விரால், பனையேறிக் கெண்டை போல வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. நம் ஊர் வெயிலைத் தாங்கக் கூடியதைத் தேர்ந்தெடுப்பதே முதற் கருணை.

விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் செல்லும்முன், அண்டை வீட்டாரிடம் சாவியோடு இந்த விவரங்களையும் கொடுத்துச் செல்லுங்கள். மீனுக்குத் தீனி தூவிய பிள்ளையிடம் அன்புக்குக் குறைவில்லை. வாய் திறப்பது எதற்காக என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.