படம் கிடைச்சிடுச்சு, பானை எங்கே கிடைச்சுது?

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கிற நாட்கள்ல பழைய கிரேக்கப் பானைப் படங்கள் பார்க்கிறது எனக்கு ஒரு வியாதி. (படிச்சது இன்ஜினியரிங். பானைக்கும் நமக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது.) ஆரம்பத்துல கூகுள்ல தேடி, அழகா இருக்கிறதையெல்லாம் இறக்கி ஒரே ஃபோல்டர்ல கொட்டிக்கிட்டிருந்தேன். ஆறு மாசம் கழிச்சு திறந்தா எது எந்த மியூசியம், எந்த நூற்றாண்டு, ஒண்ணும் தெரியலை. டேட்டாபேஸ் வேலை பார்த்து சம்பளம் வாங்குறவன், ப்ரைமரி கீ இல்லாம டேபிள் போட்டு வெச்சிருக்கேன்!

அதனால என் கட்சி இதுதான்: படத்தை விட, மியூசியம் அந்தப் பொருளுக்குக் கொடுத்த எண்ணும் அதோட விவரமும்தான் முக்கியம்.

பானைன்னா முதல்ல ஆக்ஸ்ஃபோர்டோட பீஸ்லி ஆர்க்கைவுக்குப் போங்க. ஜான் பீஸ்லி (1885-1970), கையெழுத்தே போடாத ஓவியர்களையும் காது, கணுக்கால் வரைஞ்சிருக்கிற விதத்தை வெச்சே அடையாளம் பிரிச்ச மனுஷன். அவர் சேர்த்த குறிப்பும் போட்டோவும்தான் விதை. இன்னிக்கு அதுல லட்சத்துக்கும் மேல பானைகள். ஓவியர், வடிவம், காட்சி, கிடைச்ச ஊர்னு தேடலாம். ஒரே ஓவியரோட பத்துப் பானையை வரிசையா பாருங்க, அந்தக் காது நமக்கே பிடிபட ஆரம்பிக்கும். படம் பல இடத்துல சின்னதா, கறுப்பு வெள்ளையா இருக்கும். பெருசா வேணும்னா எண்ணை எடுத்துக்கிட்டு மியூசியத்தோட சொந்த தளத்துக்குப் போகணும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் 2017லயே லட்சக்கணக்கான படங்களை யார் வேணா எடுத்துக்கலாம்னு விட்டுடுச்சு.

நிற்க. அந்தக் 'கிடைச்ச ஊர்' கட்டம் நிறைய பானைகளுக்குக் காலியாத்தான் இருக்கும். சிலது அந்தக் காலத்து அலட்சியம். சிலது திருட்டு. யூஃப்ரோனியோஸ் வரைஞ்ச சார்பெடான் கலசத்தை மெட்ரோபாலிட்டன் 1972ல 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்குச்சு. பெய்ரூட் வியாபாரி ஒருத்தரோட குடும்பச் சொத்துன்னு கதை வேற. 1995ல ஜெனீவாவுல ஜாகொமோ மெடிச்சியோட கிடங்கை சோதனை போட்டப்ப ஆயிரக்கணக்குல போட்டோ சிக்குச்சு. அதுல நிறைய போலராய்டு, மண்ணு கூட போகாத உடைஞ்ச துண்டுகளோட. மியூசியத்துல அதே கலசம் பக்கத்துல மெடிச்சி நின்னு எடுத்துக்கிட்ட போட்டோவும் இருந்துச்சு, தைரியத்தைப் பாருங்க! 2008ல கலசம் இத்தாலிக்கே திரும்பிடுச்சு.

ஆனா அந்த போட்டோக் குவியல் இன்னும் முழுசா பொதுவுக்கு வரலை. போலீசும் சில ஆய்வாளர்களும் மட்டும் பார்க்கலாம். திறந்து விட்டா கள்ள வியாபாரி உஷாராயிடுவான்னு ஒரு வாதம் இருக்கு. எனக்கு ஒப்புதல் இல்லை. சோதனை போட்டு முப்பது வருஷம் ஆச்சு. இப்ப ஏலக்கடைக்காரங்க, "எங்களுக்குக் காட்டலையே, நாங்க எப்படி சரிபார்க்கிறது?"ன்னு கேட்கிறதுக்குத்தான் அது வசதியா இருக்கு.

என் ஃபோல்டர்ல இப்ப எல்லா ஃபைலுக்கும் மியூசியம் எண்தான் பேர். கிடைச்ச ஊர் தெரியாததெல்லாம் தனியா வெச்சிருக்கேன். அந்த போலராய்டெல்லாம் வெளியே வர்ற அன்னிக்கு ஒரு வாரம் லீவு போட்டு ஒப்பிட்டுப் பார்க்கணும். மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன் :-)