கலாவின் ஊசியும் மாயாவின் பாட்டும்



போன மாதம் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது, பழைய பழக்கமுள்ள தங்கச்சி ஒருத்தியைக் கண்டேன். வேலணையில் நடந்த தையல் வகுப்பில் என்னோடு இருந்தவள். கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இறந்தார் என்றும் சொல்ல முடியாது. ஒரு தையல் மெசினை வைத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தெடுத்தவள். அன்று அவள் என்னிடம் சொன்ன குறை இது:

"அக்கா, மூத்தவள் கொப்பி முழுக்கப் பாட்டு எழுதி வைச்சிருக்கிறாள். படம் பாத்து எழுதின பாட்டில்லை, தன்ரை சொந்தப் பாட்டாம். போனிலை ஏதோ தாளத்தைப் போட்டுத் தானே பாடித் தானே கேக்கிறாள். சனம் சிரிக்குது. நீங்கள் ஒருக்கா அவளுக்குச் சொல்லுங்கோவன்."

நான் சொல்லுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படகு வரும்வரை அவளுக்கு ஒரு தாயின் கதையைச் சொன்னேன். அதையே இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மாதங்கி அருட்பிரகாசம் என்ற பாடகியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டில் மாயா என்று கூப்பிடுவார்கள். மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போனவர்களை ஆங்கிலத்தில் குறிக்கும் மூன்று எழுத்துக்கள் அவை. இதைச் சொன்னபோது தங்கச்சி ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயா 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். தகப்பன், 'லங்கா ராணி' நாவலை எழுதிய அருளர். 1977 கலவரத்தில் அகதிகளானவர்களைக் கொழும்பிலிருந்து வடக்குக்கு ஏற்றி வந்த கப்பலின் பெயர் அது. எங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களில் அவரும் ஒருவர். அப்படியானவரின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை 'மாமா' என்றுதான் சொல்லி வைத்திருந்தார்களாம். யாராவது விசாரித்தால் பிள்ளைகள் வாய் தவறிவிடக் கூடாதே. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம், சென்னை என்று அலைந்தவர் தாய் கலா.

குமுதினிப் படகில் எங்கள் சனம் வெட்டுண்டது 1985 மே மாதம். அதற்கு அடுத்த வருடம் கலா பிள்ளைகளோடு லண்டன் போய் அகதியாகத் தஞ்சம் கேட்டார். ஊசி பிடிக்கத் தெரியும். பிரித்தானிய அரசகுடும்பம் வழங்கும் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை கிடைத்தது. மிகக் குறைந்த சம்பளம். அதிலேதான் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

இருந்தது லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில், அரசாங்கத்தின் அடுக்குமாடி வீட்டில். அங்கே இவர்களுடைய வானொலிப் பெட்டி களவு போய்விட்டது. பாட்டுக் கேட்க வழியில்லாத சிறுமி, பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி வந்த கறுப்பின மக்களின் ஹிப்-ஹொப் பாட்டுக்குக் காது கொடுக்கத் தொடங்கினாள். சொல் விளங்காவிட்டாலும் தாளம் விளங்கியது.

பிறகு மாயா சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தார். படித்தது சங்கீதம் அல்ல, ஓவியமும் படப்பிடிப்பும். 'எலாஸ்டிகா' என்ற ரொக் குழுவோடு கமெராவும் கையுமாகப் பயணம் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ஒரு சிறிய பெட்டியைக் காட்டினார். ரோலண்ட் கம்பனியின் 505 என்ற தாளப்பெட்டி. ஒருவரே தாளமும் போட்டு, ராகமும் சேர்த்துப் பாட்டுக் கட்டலாம். மாயாவுக்கு அதை இரவல் கொடுத்தவர் எலாஸ்டிகாவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன். எங்களுடைய தங்கச்சியின் மகள் போனில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். 'கலாங்' என்ற அவருடைய முதற் பாட்டு 2003இல் வெளிவந்தபோது அடித்தது 500 இசைத்தட்டுகள் மட்டும்.

2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயரை வைத்தார்: 'அருளர்'. வருடக்கணக்காகக் காணாத தகப்பன் இந்தப் பெயரைப் பார்த்தாவது தொடர்புகொள்ளமாட்டாரா என்ற நினைப்பு. தொடர்பு வந்தது, பெயரை மாற்று என்று! மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவது தொகுப்பு 'கலா'.

அந்தத் தொகுப்பை அமெரிக்காவில் செய்ய எண்ணியிருந்தார், விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, ஜமேக்கா, லைபீரியா என்று ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்த்தார். சென்னையில் உறுமிமேளக்காரரை வைத்துப் பதிவுசெய்தார். உண்மையைச் சொன்னால், அவருடைய பாட்டுகள் எல்லாம் என் காதுக்கு ஒத்துவருவதில்லை, கொஞ்ச நேரத்தில் தலை இடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்த உறுமி ஒலிக்கும்போது கோயில் வீதியில் நிற்கிற மாதிரி உடம்பு சிலிர்க்கிறது.

அவர் பாட்டுக் கட்டும் விதம் எங்கள் தையல்காரிகளுக்கு விளங்கும். இருக்கிற துண்டுகளைப் பொறுக்கி, வெட்டி, பொருத்தித் தைப்பது. 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டின் அடித்துணி 'த கிளாஷ்' என்ற ஆங்கில ரொக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. அதனாலே அந்தக் குழுவினரின் பெயர்களும் பாட்டை ஆக்கியோர் பட்டியலில் இருக்கின்றன. 2008இல் அது அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தது. வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு.

இதிலே ஒரு விடயம் எங்கள் பிள்ளைகளுக்கும் தேவை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டை ஆக்கிய உடனேயே அது ஆக்கியவருக்கு உரித்தாகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் அந்த உரிமை இருக்கும். ஆனால் யார் முதலில் ஆக்கியது என்று பிரச்சினை வந்தால் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழும் பெயரையும் திகதியையும் எழுதச் சொல்லுங்கள். கொப்பியை எறிந்துவிட வேண்டாம்.

2009 பெப்ரவரியில் கிராமி விருது மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஏறிப் பாடினார் மாயா. மூன்றாம் நாள் மகன் பிறந்தான். அதே மாதம் ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஆக்கிய பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையும் இருந்தது. அந்த நாட்களில் வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கிடைத்த மேடையில் எல்லாம் அதைப் பேசினார். அதற்காகத் திட்டு வாங்கினார், புலி ஆதரவாளர் என்ற பெயரும் வாங்கினார். தூரத்தில் இருந்து பேசுவது லேசு என்று எங்களிலும் சிலர் சொன்னோம், நானும் சொன்னேன். இப்போது யோசித்தால், பங்கருக்குள் இருந்த எங்களால் பேச முடியாதிருந்த நேரம் அது. 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி மேடையில் நடுவிரலைக் காட்டி வழக்கு வாங்கியதையும் நான் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"சனம் சிரிக்குது" என்ற கதைக்கு வருகிறேன். நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலே 'சின்ன மாமியே' பாடியதை இன்றைக்கு எந்தக் கலியாண வீட்டிலும் கேட்கலாம். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் அப்படித்தான். ஆம்பிளைப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினால் பகிடி, பெண்பிள்ளை கட்டினால் வீட்டுக்கு முறைப்பாடு வருகிறது.

தங்கச்சிக்குக் கடைசியாகச் சொன்னது 2019இல் நடந்த விடயம். பிரித்தானிய அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. என்ற பதக்கத்தை அறிவித்தது. வாங்குவதா விடுவதா என்ற கேள்வி இருந்திருக்கும். அவர் வாங்கினார், தாய்க்காக. ஆயிரக்கணக்கான பதக்கங்களைத் தைத்துக் கொடுத்த கலாவின் மகளுக்கு, 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் அந்தப் பதக்கம் குத்தப்பட்டது.

இதற்குள் படகு வந்துவிட்டது. சனம் முண்டியடித்து ஏறத் தொடங்கியது. தங்கச்சி பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தவள், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அவ்வளவு காலமும் கையாலை தைச்ச மனிசி. அவவுக்கு இப்ப கண் வடிவாத் தெரியுமோ அக்கா?"