நிழலிடம் மன்னிப்புக் கேட்கும் நிஜங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகளின் செவிகளில் கொரியப் பாடல் ஒலிப்பதை இன்று நாம் வியப்பாகக் கருதுவதில்லை. ஆனால் அப்பாடலோடு சேர்த்து எது விற்கப்படுகிறது என்பதையேனும் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

தென்கொரியாவின் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2020 நவம்பர் 17 அன்று 'ஏஸ்பா' என்னும் பெண்கள் குழுவை 'பிளாக் மாம்பா' என்ற பாடலின் மூலம் அறிமுகம் செய்தது. கரினா, விண்டர், ஜிசெல், நிங்நிங் ஆகிய நால்வரும் அன்று 18 முதல் 20 வயதினர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் கணினியில் வடிக்கப்பட்ட ஓர் 'அவதார்' உண்டு. அந்தப் பெண் இணையத்தில் விட்டுச்சென்ற தரவுகளிலிருந்து பிறந்து, மெய்நிகர் உலகில் வாழும் மற்றோர் 'அவள்' அது என்பது நிறுவனம் புனைந்த கதை. பெண்ணுக்கும் அவளது நிழலுக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும் பாம்பே அக்கதையின் கொடியவன்.

சற்றே நிதானித்துச் சிந்தியுங்கள். திரையில் தெரியும் தன் பிம்பத்திடமிருந்து ஒரு பெண் பிரிக்கப்படுவதே இக்கதையில் பேரிடர்! இரவெல்லாம் கைப்பேசியில் தம் படத்துக்கு விழும் விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இன்று தேவைப்படுவதே அந்தப் பிரிவுதான். மருந்தை நஞ்சென்று கற்பிக்கிறது இந்தக் கதை.

"இது வெறும் கற்பனை, இதற்கு ஏன் இத்தனை பதற்றம்?" என்று சிலர் கேட்கலாம். கற்பனை கற்பனையாகவே நின்றிருந்தால் நாமும் பேசாதிருந்திருப்போம். 2024 பிப்ரவரி இறுதியில் கரினாவுக்கும் ஒரு நடிகருக்கும் இடையிலான உறவு செய்தியாயிற்று. கொதித்தெழுந்த ரசிகர்கள் சிலர், கண்டன வாசகங்கள் ஒளிரும் வாகனத்தை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அனுப்பினர். சில நாள்களில் அப்பெண் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டார். அவ்வுறவு சரியா தவறா என்பது இங்கே நம் விவாதமன்று. அதற்கு அவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதே கேள்வி. தன்னைப் படைத்தவனிடமும் தன் பெற்றோரிடமும் கூறவேண்டிய பதிலை, காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கியவர்களிடம் ஏன் கூறினார்? நிழல் காதலிப்பதில்லை, முதுமை அடைவதில்லை, ஊதியமும் ஓய்வும் கேட்பதில்லை. அத்தகைய நிழலை அருகில் நிறுத்திய பின், மனிதப் பெண்ணின் இயல்புகள் யாவும் குற்றங்களாகத் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பெண்ணின் உருவத்தை அவளிடமிருந்து பிரித்தெடுத்துக் கையாளலாம் என்ற எண்ணம் மேடையோடு நின்றுவிடுவதில்லை. 2024 ஆகஸ்டில், மாணவியர் உள்ளிட்ட சாதாரணப் பெண்களின் முகங்களை ஆபாசக் காட்சிகளில் ஒட்டிப் பரப்பிய டெலிகிராம் குழுக்கள் அதே நாட்டில் அம்பலமாயின. அடுத்த மாதமே, அத்தகைய போலிக் காட்சிகளை வைத்திருப்பதையும் பார்ப்பதையும் குற்றமாக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இக்கொடுமையை ஏஸ்பாவின் பாடல் விளைவித்தது என்று நாம் கூறவில்லை. அது அநீதியான குற்றச்சாட்டாகும். ஆயினும் முகத்தை உடைமையாளரிடமிருந்து கழற்றி எடுக்கும் தொழில்நுட்பத்தை ஒரு பக்கம் கலையென்று கொண்டாடிவிட்டு, மறுபக்கம் அதன் நச்சுக் கனியைக் கண்டு திகைப்பதில் பொருளில்லை.

அந்த நான்கு பெண்களை இகழ்வது நம் நோக்கமன்று. இளமையை ஈந்து உழைத்த அவர்களே இவ்வணிகத்தில் முதலில் விலை கொடுப்பவர்கள். நம் கண்டனம் அந்த வணிகத்தின் மீதே.

பெற்றோர்களே! பாடலை அணைக்கச் சொல்லிக் கூச்சலிடுவது எளிது. அது பயனளிப்பது அரிது. மாறாக, உங்கள் மகளின் அருகில் அமர்ந்து அந்தக் கதையைக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு வினாவை அவளிடம் வையுங்கள்: "உன் படத்தை யாருமே பார்க்காத நாளிலும் நீ மதிப்புள்ளவள்தானே?" அவள் தயங்காமல் 'ஆம்' என்று சொல்லும் வீடாக நம் வீடு இருக்கிறதா? அந்தப் பதிலுக்கு நாமே பொறுப்பாளிகள்.