தறி வீட்டுக்குள் இருக்கிறது

பெரணமல்லூரிலும் ஆரணிப் பட்டு வட்டாரத்து மற்ற ஊர்களிலும் நெசவாளர் வேலைக்குப் போவது என்றால், கூடத்திலிருந்து எழுந்து குழித்தறியில் இறங்குவதுதான். அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். கோர்வைச் சேலை ஓடுகிற தறியாக இருந்தால் பக்கக்கரை நாடாவைப் போட்டுக் கொடுக்கப் பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காரும். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடவும், கரை பிசகாமல் பார்த்துக்கொள்ளவும் அந்தக் கைகள் அப்படித்தான் பழகுகின்றன. ஆணாக வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளை ஒருநாள் தான் பெண் என்று சொல்லி, வீடு அதைத் தாங்காமல் வெளியே அனுப்பிவிட்டால், வீடும் தொழிலும் ஒரே நாளில் போய்விடுகின்றன. பணிநீக்க ஆணை கிடையாது, கணக்கு முடிப்பு கிடையாது. பல வருடம் பழகிய கை தறி இல்லாமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுகிறது.

இந்த இதழைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், மேலாளர்கள், கைத்தறித் துறை அலுவலர்கள். திருநர்களின் பணியிட உரிமை என்றதும் ஐ.டி. கம்பெனியும் வங்கியும்தான் நினைவுக்கு வரும். நம் சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 2019 அதற்குப் பதில் சொல்கிறது. அதன் 2ஆம் பிரிவு ‘நிறுவனம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கம்பெனி, அறக்கட்டளை ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் பாகுபாடு கூடாது என்கிற 9ஆம் பிரிவு நம்மைக் கட்டுப்படுத்தும். புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்லும் 11ஆம் பிரிவும் அப்படியே. 2020 செப்டம்பரில் வந்த விதிகளின்படி புகார் வந்த 15 நாளில் அவர் விசாரித்து முடிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாளில் சங்கத் தலைமை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

சங்கத்தில் சேராமல் முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. தனியொரு முதலாளி ‘நிறுவனம்’ ஆவாரா என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் 3ஆம் பிரிவு நிறுவனத்தோடு நிற்கவில்லை. எந்த நபரும் வேலையிலோ தொழிலிலோ திருநரிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கூலி நெசவு தொழிலில்லாமல் வேறென்ன? ‘உனக்குப் பாவு தரமாட்டேன்’ என்று சொல்லும் முதலாளியும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார் என்பதே நம் கருத்து.

இந்தச் சட்டத்தின் பெரிய குறை, 3ஆம் பிரிவையும் 9ஆம் பிரிவையும் மீறுவோருக்கு என்று நேரடித் தண்டனை எதுவும் எழுதப்படாததுதான். தண்டனை சொல்லும் 18ஆம் பிரிவு வேலை மறுப்பைத் தொடவில்லை. ஆனால் வீட்டை விட்டோ ஊரை விட்டோ ஒரு திருநரை வெளியேறச் செய்வது அங்கே குற்றம். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 12ஆம் பிரிவோ, குடும்பம் இருக்கும் வீட்டில் இருக்கவும், அதன் எந்தப் பகுதியிலிருந்தும் விலக்கப்படாமல் இருக்கவும், அங்குள்ள வசதிகளைப் பாகுபாடின்றிப் பயன்படுத்தவும் உரிமை தருகிறது. பணியிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் குடும்ப விவகாரம் என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நெசவாளர் வீட்டில் நின்று படித்தால் இதுவே தொழிலாளர் சட்டம். அங்குள்ள முதல் வசதி தறிதானே!

வீடும் வேலையும் பிரியாமல் பின்னிக் கிடப்பது நெசவில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. சில வாரங்களுக்குள் அவர்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். நகரத்தில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை, விடுதிச் செலவு சம்பளத்தை விழுங்கியது. அங்கே வேலை கிடைத்தும் வீடு கிடைக்கவில்லை. இங்கே வீடு போனதால் வேலை போகிறது.

2025 அக்டோபரில் ஜேன் கௌசிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுகளைக் கடுமையாகக் கண்டித்தது. இரண்டு மாநிலங்களில் தனியார் பள்ளி வேலையை இழந்த திருநங்கை ஆசிரியர் அவர். இழப்பீடு வழங்கச் சொன்னதோடு, சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது நீதிமன்றம். அந்தக் கொள்கை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டுறவில் நமக்கு முன்னுதாரணம் இருக்கிறது. கோவில்பட்டி பக்கம் மந்திதோப்பில் திருநங்கைகளுக்கென்றே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 2020இல் உருவானது. செயல்பாட்டாளர் கிரேஸ் பானுவின் முயற்சிக்கு அப்போதைய தூத்துக்குடி ஆட்சியர் சந்தீப் நந்தூரி துணை நின்றார். வீடு, மாடு, கடன், ஆவினுக்குப் பால் என்று எல்லாம் ஒன்றாகக் கூடி வந்ததால்தான் அது நின்றது. அதே நந்தூரி பிறகு நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் ஆட்சியராக இருந்தார்.

மந்திதோப்பை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பெரணமல்லூருக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஏற்கெனவே வீட்டை இழந்தவர்களுக்கு அது நல்ல வழி. நெசவாளர் பிள்ளைக்கோ இருக்கிற சங்கத்தில் இருக்கிற தறியில் இடம் வேண்டும்.

செயலாளர் செய்யக்கூடியது நிறைய. எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது, எந்தத் தறி ஏன் நின்றது என்பது அவருக்குத் தெரியும். ஒரு தகப்பனிடம் போலீஸ் போய்ப் பேசுவதும் செயலாளர் போய்ப் பேசுவதும் ஒன்றாகாது. 18ஆம் பிரிவை எடுத்துச் சொல்லலாம், மிரட்டலாக இல்லாமல். சொல்லியும் வீடு இறங்கி வராவிட்டால், பொதுத் தறிக்கூடம் வைத்திருக்கும் சங்கங்கள் அங்கே ஒரு தறியை ஒதுக்கலாம். மகனுடைய பெயரில் உறுப்பினர் அட்டை, மகளுடைய பெயரில் ஆதார், பழைய பெயரிலேயே வங்கிக் கணக்கு என்று இருந்தால் கூலி ஏறாமல் நிற்கும். ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழைப் பார்த்ததும் பதிவேட்டில் பெயரை மாற்றி, வங்கிக்கும் கடிதம் கொடுப்பது மேலாளரின் ஒரு காலை வேலை. சேலையைக் கொண்டுவந்து எடை போடும் நேரத்தில், பத்துப் பேர் நிற்கும் வரிசையில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை உடனே நிறுத்த வேண்டும். அந்த ஒரு கூப்பாட்டுக்குப் பயந்தே சேலையை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிற நிலை வந்தால், குற்றம் குறை சொல்லிக் கூலி பிடிக்கும்போது எதிர்த்துக் கேட்க அங்கே ஆள் இருக்காது.

புகார் அலுவலர் விஷயத்தில் சிறிய சங்கங்களுக்கு ஒரு சிக்கல். பாவு கொடுப்பவரும் கூலி போடுபவரும் செயலாளரே என்றால் புகாரை அவரிடமே எப்படிக் கொடுப்பது? ஒரு நபரை நியமிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சங்கத்தின் ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் கூடிப் பேசி, ஒருவர் சங்கத்துக்கு மற்றவர் அலுவலர் என்று மாற்றி நியமித்துக்கொள்ளலாம். கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகம் இதை முன்னின்று நடத்திக் கொடுத்தால் வேலை சுலபமாகும்.

நியமனதாரர் பத்தியும் கவனத்துக்குரியது. வீட்டை விட்டு வந்த திருநங்கைக்குத் தாயாக நிற்பவர் பெரும்பாலும் இன்னொரு திருநங்கை. சேமிப்புத் தொகைக்கு அவரை நியமனதாரராக எழுதிக் கொடுத்தால், ‘உறவுமுறை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் படிவம் திரும்பி வரக்கூடாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் புகார் அலுவலர் நியமனத்தோடு இதையும் சேர்த்து, விதியில் தெளிவு வேண்டிய இடத்துக்குத் துறையிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். வரும் பதிலை நமக்கும் அனுப்பினால், மற்றச் சங்கங்களுக்கும் பயன்படும்படி இந்த இதழில் வெளியிடுவோம்.